முப்பத்தைந்து சதவீதம்

காசிமேட்டில் வெயில் நாற்பதைத் தொடுகிற மதியம்,
உறைபனியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
ஹெல்மெட்டைக் கழற்றினால் காதுக்குள் வேர்வை.
பையில் ஒரு சாண் குழல்.
ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி,
மறுமுனையில் என் கண்.

இறால் கம்பெனியின் பின்கட்டு.
ஐநூறு லிட்டர் தொட்டி.
கிளைகால் கலந்த தண்ணீர் மைனஸ் பத்தில் ஓடிப்போய்
இறாலின் சூட்டை வாங்கிவந்து
மெஷினிடம் கொடுக்கிறது, மெஷின் தெருவிடம் கொடுக்கிறது.
சூடு எங்கும் காணாமல் போவதில்லை,
பக்கத்து ஹவுசிங் போர்டு ஜன்னல்களைக் கேளுங்கள்.

முதலில் பூஜ்யம் பிடிக்க வேண்டும்.
எங்கள் தெரு போர்த் தண்ணீரில் பூஜ்யம் நிற்காது,
கடல் அதில் கொஞ்சம் குடிவந்துவிட்டது;
கோடு மயிரிழை மேலேறியே நிற்கும்.
அதனால் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர்.
ஒன்றுமே கலக்காத தண்ணீர் என்று
இந்தப் பக்கம் நான் பார்த்தது அது மட்டும்தான்.

பிறகு தொட்டியிலிருந்து ஒரு சொட்டு.
குமிழி இல்லையென்று பார்த்து, மூடியை அழுத்தி
துறைமுகத்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
மேலே நீலம், கீழே உப்பளம் போல வெள்ளை,
இரண்டும் தொடுகிற இடத்தில்
முப்பத்தைந்து.

இருக்க வேண்டியது முப்பத்தைந்து.
போன மாதம் இருந்தது இருபத்திரண்டு.
இவ்வளவு சரியான எண்ணைப் பார்த்தால்
எனக்கு முதுகு அரிக்கும்.

குனிந்தேன். தொட்டி வாயில் எறும்பு.
சுவரோரம் இறங்கி, பம்ப்பின் காலைச் சுற்றி,
ரேஷனில் சர்க்கரை போடுகிற நாள் மாதிரி
முண்டியடித்து.

கண்ணாடி பொய் சொல்லவில்லை.
வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்று அதற்குத் தெரியும்,
எதனால் என்று தெரியாது.
ஒருநாள் சலிப்பில் டீயை வைத்துப் பார்த்தேன்,
அதற்கும் ஒரு எண் சொன்னது
கூச்சமே இல்லாமல்.

ஆபரேட்டர் தேசிங்கு பேசவில்லை. நானும் கேட்கவில்லை.
எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் மொண்டு
மைனஸ் பதினைந்து அறையில், இறால் பெட்டிகளுக்கு நடுவே வைத்தேன்.
முப்பத்தைந்து நிஜமென்றால் அது தண்ணீராகவே இருக்கும்.
காத்திருந்தோம்.
ஒரு லாரி பாட்டோடு ரிவர்ஸ் எடுத்தது.
இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்த ஜலஜா அக்கா
கையுறை கிழிந்த விரலை மட்டும் வாய்க்குள் வைத்துச் சூடேற்றினாள்.

இரண்டு மணிநேரம் கழித்து டம்ளரைக் கவிழ்த்தேன்.
விழவில்லை.

"இன்னா மேடம் பண்றது?
பம்ப்பு சீலு ஒயிகினே கீது, ஊத்தாங்காட்டி மிசின் நின்னுடும்.
தண்ணி ஊத்துனேன்.
நீ இருவத்திரெண்டுன்னு எய்தி வச்சிட்டுப் பூட்ட,
என் சம்பளத்துல ரெண்டாயிரம் புட்சிக்கினாங்க.
டிரம்மு வாங்கிக் குடுன்னா சிரிக்கிறாங்க.
அதான், ஒரு மூட்டை சக்கரை.
கணக்கு போட்டுத்தான் போட்டேன்."

கணக்கில் தப்பில்லை.
பத்தாவது ஃபெயில் என்று சொல்லித் திரிகிறவன்
ஆபீஸ் அலமாரியின் பழைய குழலை இரவல் எடுத்து
மூன்று ராத்திரி, டம்ளர் டம்ளராகக் கரைத்து,
சொட்டுச் சொட்டாகப் பார்த்திருக்கிறான்.
என் கோட்டை எனக்கே வரைந்து காட்டியிருக்கிறான்.

அறிக்கைத் தாளில் சதவீதத்துக்கு ஒரே ஒரு கட்டம்.
35 என்று எழுதினேன்.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்:
மைனஸ் பதினைந்தில் உறைகிறது. தொட்டியைக் காலி செய்து கழுவவும்.
பம்ப் சீல் ஒழுகுகிறது. முதலில் அதை மாற்றவும்.
யார் என்பதற்குத் தாளில் கட்டம் இல்லை.
இவ்வளவு நாளும் அதை ஒரு குறை என்று நினைத்திருந்தேன்.

தேசிங்கு எட்டிப் படித்தான். சரி என்றும் சொல்லவில்லை.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எறும்புகள் பக்கம் போனான்.

கண்ணாடியைக் கழுவினேன், விரலைக் கழுவ மறந்தேன்.
ஸ்கூட்டர் கைப்பிடியில் பிசுபிசுப்பு
டோல்கேட் வரைக்கும் கூடவே வந்தது.